மலையடி நாவலுக்குத் தாய்மரம் எங்கே?

இராஜபாளையத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைச் சாலையிலுள்ள மகாராஜபுரம் வரை நீளும் மலையடிவாரத் தோட்டங்கள் பெரும்பாலும் மாவையும் தென்னையையும் நம்பியிருப்பவை. மா ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓயும் இயல்புடையது. தோப்பைப் பூவிலோ பிஞ்சிலோ குத்தகைக்கு விட்டுவிடும் வழக்கம் இருப்பதால், காய்த்த ஆண்டிலும் விலையேற்றத்தின் பலன் தோட்டக்காரரின் கைக்கு முழுமையாக வந்து சேர்வதில்லை. ஆகவே, மாம்பழ வரத்து குறையத் தொடங்கும் ஆனி, ஆடி மாதங்களில் பழுக்கும் நாவலை மாற்றுப் பழப்பயிராக வளர்க்கலாம் என்னும் யோசனை கவனத்திற்குரியது.

வேர் பிடித்துவிட்ட நாவல் வறட்சியையும் தாங்கும், சில காலம் அடியில் நீர் தேங்கி நின்றாலும் தாங்கும். விதையிலிருந்து வளரும் மரம் காய்க்க எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும் என்றால், ஒட்டுக்கன்று, அதாவது நல்ல மரத்தின் இளங்குச்சியை வேறொரு நாற்றின் தண்டில் பொருத்தி வளர்த்த கன்று, அதைவிட விரைவிலேயே பலனுக்கு வந்துவிடும். எட்டு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 60 கன்றுகள் நடலாம். நன்கு வளர்ந்த விதைமரம் ஆண்டுக்கு 80 முதல் 100 கிலோவும், ஒட்டுமரம் 60 முதல் 70 கிலோவும் பழம் தரும் எனத் தோட்டக்கலை நூல்கள் கணக்கிடுகின்றன. ஒட்டுமரத்தின் சிறப்பு பழத்தின் மிகுதியில் இல்லை. விரைவில் காய்ப்பதிலும், கவாத்து செய்து தாழ்வாக வைத்துக்கொள்ள முடிவதிலும் இருக்கிறது.

தாழ்வாக வைப்பது ஏன் முக்கியம் என்பது பறிப்பைப் பார்த்தால் விளங்கும். பறித்தபின் பழுக்கும் வாழையையும் மாவையும் போன்றதன்று நாவல். கிளையிலேயே முழுதாகக் கறுத்த பிறகுதான் பறிக்க வேண்டும், அப்படிப் பறித்த பழமும் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் நிற்காது. ஒரே கொத்தில் பச்சை, இளஞ்சிவப்பு, கருப்பு என மூன்று நிலைகளும் கலந்திருப்பதால், பறிப்பவர் தோளில் துணிப்பையுடன் ஏறி, எளிதில் முறியும் கிளைகளில் எடையைப் பார்த்துப் பார்த்து வைத்து, கறுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டியிருக்கிறது. உதிர்ந்து மண்ணில் விழுந்த பழம் தோல் கிழிந்து விலை இழந்துவிடும் என்பதால் மரத்தடியில் வலை கட்டும் தோட்டக்காரர்களும் உண்டு. அன்று பறித்ததை அன்றிரவே மதுரைச் சந்தைக்கு ஏற்றிவிட முடிகிற தொலைவில் இப்பகுதி இருப்பது இதனால்தான் பெரிய வசதியாகிறது. காட்டை ஒட்டிய தோப்புகளில் வௌவாலும் கரடியும் பழத்தைத் தேடி வரும் என்பது தனியே பேச வேண்டிய சிக்கல்.

இவை எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது கன்று எங்கிருந்து வருகிறது என்பதே. இன்று நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கும் ஒட்டு நாவல் பெரும்பாலும் வெளியூர் இரகம். டபோலியிலுள்ள கொங்கண் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கொங்கண் பகடோலி, குஜராத்தில் வேஜல்பூர் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த கோமா பிரியங்கா ஆகியவை புகழ்பெற்றவை. ஆனால் அவையும் அந்தந்த வட்டாரத்தில் நின்றிருந்த மரங்களை ஆராய்ந்து, சதைப்பற்று மிக்க, கொட்டை சிறுத்த ஒன்றைத் தாய்மரமாகத் தெரிந்தெடுத்ததன் விளைவுகளே. சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று தனக்கே உரிய மாம்பழப் பெயர்களைச் சந்தையில் நிலைநாட்டிய இராஜபாளையம் வட்டாரம், நாவலில் மட்டும் வெளியூர்க் குச்சியை வாங்கி நட்டு நிறைவடைவது அதன் திறமைக்கு ஏற்றதாகாது. ஒரே அளவில் பெரிய பழத்தையே வியாபாரிகள் கேட்கிறார்கள் என்னும் வாதத்திலும் உண்மை உண்டு. எனினும் அந்தப் பெரிய பழம் உள்ளூர் மரங்களிலேயே இல்லை என்பதை இதுவரை எவரும் மெய்ப்பிக்கவில்லை.

கண்மாய்க் கரைகளிலும் ஓடையோரங்களிலும் சாலையோரங்களிலும் நிற்கும் பழைய நாவல் மரங்களே இந்த வட்டாரத்தின் இருப்பு. நெல்லையும் பயறையும் போல நாவல் விதையை உலர்த்திக் குளிர்பதன அறையில் சேமித்துவைக்க இயலாது. ஈரம் வற்றினால் உயிர் போய்விடும் விதை அது, பத்துப் பதினைந்து நாள்களுக்குள் மண்ணில் ஊன்றியாக வேண்டும். ஆகையால் மரம் நிற்கும்வரைதான் அந்த இரகமும் இருக்கும். சாலை விரிவாக்கத்திற்காகவோ கரை பலப்படுத்துவதற்காகவோ வெட்டப்படும் ஒவ்வொரு முதிய மரமும், எவரும் சுவைத்துப் பார்த்துக் குறித்துவைக்காத ஓர் இரகத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. விறகு விலை தவிர வேறெதுவும் கணக்கில் ஏறுவதில்லை.

நாவல் பயிரிட எண்ணுவோரும் அவர்களுக்கு வழிகாட்டுவோரும் கன்று வாங்குவதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை இந்தப் பழைய மரங்களை ஆராய்வதே. எந்த மரத்துப் பழம் கொட்டை சிறுத்தது, எது துவர்ப்புக் குறைந்தது, எது ஆனித் தொடக்கத்திலேயே பழுப்பது என்பதை ஆண்டுதோறும் அம்மரங்களில் ஏறிப் பறித்து, கூடையில் வைத்து விற்பவர்கள் நன்கு அறிவார்கள். அவர்களை உடன் அழைத்துச் சென்று மரங்களுக்கு எண்ணிட்டு, பழத்தையும் கொட்டையையும் தனித்தனியே நிறுத்து, தேறியவற்றின் குச்சிகளை ஒட்டுக்கு எடுக்க வேண்டும். பழம் மரத்தில் இருக்கும் சில வாரங்களில்தான் இதைச் செய்ய முடியும். ஆடி கழிந்துவிட்டால் எல்லா நாவல் மரங்களும் ஒன்றுபோலவே தோன்றும். அடுத்த ஆனி வரை காத்திருப்பதற்குள் அவற்றில் எத்தனை நிற்கும் என்பதற்கு உறுதியில்லை.