கையொப்பத்துக்கு முன் கேட்க வேண்டியவை

சோற்றில் கை வைத்த மாத்திரத்தில் தாடைக்கீழ் ஒரு பக்கம் நெல்லிக்காயளவு வீங்கி வலித்து, உண்டு முடித்த சில மணி நேரத்தில் தானே வடிந்துவிடுமானால், அதைச் சூடு என்றோ பல்வலி என்றோ எண்ணி வாளாவிருத்தல் தகாது. உமிழ்நீர் நாளத்தில் கல் அடைத்திருப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். உணவு வேளையோடு சம்பந்தமின்றி, வலியில்லாமல் நிலைத்து நிற்கும் கட்டியோ புற்றுநோயாகவும் இருக்கக்கூடுமாதலால், ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் அவசியமாகின்றன.

கழுத்தைக் கீறிச் சுரப்பியையே எடுத்துவிடுவது முந்தைய வழக்கம். இப்போதோ, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள எண்டோஸ்கோப்பை நாவின் கீழுள்ள நாளத் துவாரத்தில் செலுத்திச் சிறு கற்களை அகற்றிச் சுரப்பியைக் காக்கவும், எடுத்தே தீரவேண்டிய சுரப்பியை வாய்க்குள்ளிருந்தோ காதின் பின்புறத்திலிருந்தோ எண்டோஸ்கோப்பின் துணையால் எடுக்கவும் வழி பிறந்திருக்கிறது. ஆயினும், வெளியே தழும்பு தெரியாமையால் உள்ளே அபாயம் இல்லையென்று ஆகிவிடாது. கீழுதட்டை அசைக்கும் நரம்பும், நாவுக்கு உணர்ச்சியும் அசைவும் தரும் நரம்புகளும் தாடைக்கீழ்ச் சுரப்பியை ஒட்டியே செல்வதால், அவை ஊறுபட்டால் உதடு கோணலாம், நாக்கு மரத்துப்போகலாம். பலருக்கு இது தற்காலிகமே எனினும் சிலருக்கு நிரந்தரமாகிவிடுகிறது.

ஆகவே, சம்மதப் படிவத்தில் கையொப்பமிடுமுன், கல்லை மட்டும் எடுக்க இயலாதா, இடையில் கழுத்தைக் கீற நேருமா, இத்தகைய சிகிச்சையில் வைத்தியருக்குள்ள அனுபவம் யாது என்று தமக்கு விளங்கும் பாஷையில் கேட்டறிவது நோயாளியின் உரிமை. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் உறுப்பை அகற்றுவதற்குச் சம்மதமாகாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; ஆதலால், உயிராபத்து நேர்ந்தாலன்றி, கல்லெடுக்க மாத்திரம் இசைந்தவரின் சுரப்பியை எடுத்துவிடலாகாது.

அந்தமானின் சாத்தம் தீவில் வாழும் நம்மவர் இச்சிகிச்சைக்காகச் சென்னை செல்ல நேர்ந்தால், அந்தமான் நிர்வாகத்தின் ‘அனிஷி’ காப்பீட்டில் இச்சிகிச்சைக்கு இடமுண்டா, பரிந்துரைக் கடிதம் தேவையா என்று ஜி. பி. பந்த் மருத்துவமனையில் முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். மூன்று நாள் கடற்பயணத்தின் நடுவில் கழுத்து வீங்கினாலோ ரத்தம் கசிந்தாலோ சிகிச்சை கிட்டுவது அரிதாகையால், வைத்தியர் மறுபடி பார்த்து அனுமதித்த பின்னரே திரும்பக் கப்பலேற வேண்டும்.

விளைவு தீதானது என்பதனாலேயே வைத்தியர் அலட்சியம் செய்தார் என்று ஆகிவிடாது. மெய்யாகவே அலட்சியம் நேர்ந்திருந்தால், கட்டணம் பெற்ற மருத்துவமனை சென்னையிலிருப்பினும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சையளிக்கும் அரசு மருத்துவமனைக்கு இச்சட்டம் பொருந்தாது. அங்கே நேர்ந்த அலட்சியத்துக்குச் சிவில் நீதிமன்றத்தை நாடலாம். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தருவது வைத்தியர் கடமையென, மருத்துவ நன்னடத்தை குறித்த 2002-ஆம் ஆண்டு விதிகள் கூறுவதால், ஊர் திரும்புமுன் சம்மதப் படிவத்தின் நகல், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சுருக்கம், ரசீது ஆகிய யாவற்றையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நியாயம் கேட்டு நிற்கும் நாளில் அக்காகிதங்களே உங்களுக்குச் சாட்சி.