வேகமா போகாததுதான் கெத்து! ஆர்.சி. ராக் க்ராலர் டிரக்கை நீங்களே கட்டுவது எப்படி?

அரை மீட்டர் நீளம் இருக்கும் அந்த ஜீப். முன்சக்கரம் பாறையின் விளிம்பைப் பிடித்திருக்கிறது, பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்குகிறது. ரிமோட் வைத்திருப்பவர் விரலை லேசாக அசைக்கிறார். டயர் கால் சுற்று சுற்றுகிறது. வண்டி நடுங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ‘போச்சு, கவிழப்போகுது’ என்று பார்ப்பவர்கள் நினைக்கும் நேரத்தில் ஏறிவிடுகிறது. ஏறியது ஒரு சாண் தூரம். ஆனது ஒரு நிமிடம்.

ரிமோட் கார் என்றாலே சர்ர்ரென்று பறக்க வேண்டும் என்றுதான் நமக்குப் பழக்கம். ராக் க்ராலர் அதற்கு நேர் எதிர். இதில் மெதுவாகப் போவதற்குத்தான் காசு செலவாகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் மாதச் சம்பளத்தில் பெரிய மோட்டாரும் 3எஸ் பேட்டரியும் வாங்கிப் போட்டுவிட்டு, வண்டி ஏன் குட்டிக்கரணம் அடிக்கிறது என்று தலையைச் சொறிபவர்கள் ஏராளம்.

எங்கிருந்து வந்தது?

இதன் ‘ஒரிஜினல்’ அமெரிக்காவில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஜார்ஜ்டவுனுக்கும் டாஹோ ஏரிக்கும் இடையே சுமார் 35 கிலோமீட்டருக்கு நீள்கிறது ரூபிகான் டிரெயில். பாதை என்று சொல்கிறார்களே தவிர, பல இடங்களில் அது வெறும் பாறைக் குவியல். 1953 முதல் அங்கே ஜீப்பர்ஸ் ஜம்போரி நடக்கிறது. அந்தப் பாதையின் பெயரைத்தான் ஜீப் நிறுவனம் தன் ராங்ளர் மாடல் ஒன்றுக்கு வைத்தது. நிஜ வண்டிகள் அங்கே ஊர்வதைச் சுருக்கி, கைக்கு அடக்கமாகக் கொண்டுவந்ததுதான் ஆர்.சி. க்ராலர்.

ஜப்பானின் டமியா நிறுவனம் மூன்று கியர் கொண்ட ப்ரூஸர் பிக்கப்பை 1985-ல் விற்றது. 1987-ல் அதே நிறுவனத்தின் க்ளாட் பஸ்டர் மான்ஸ்டர் டிரக் வந்தது. அதன் ஆக்ஸில்களைக் கழற்றி, சொந்தமாகச் செய்த சேஸிஸில் மாட்டிப் பாறை ஏற்றியவர்கள்தான் இந்த ஹாபியின் முன்னோடிகளில் ஒரு பிரிவினர். பிறகு 2009-ல் ஆக்ஸியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்10, 2017-ல் டிராக்ஸஸின் டிஆர்எக்ஸ்-4. இன்று கஸ்டமாகக் கட்டப்படும் பெரும்பாலான வண்டிகளின் எலும்புக்கூடு இவற்றில் ஏதாவது ஒன்றாகவோ, இவற்றைப் பார்த்துச் செய்ததாகவோதான் இருக்கும்.

இங்கே ஒரு சின்ன உண்மை. பெட்டியில் ‘1/10’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். 2016-ல் வந்த எஸ்சிஎக்ஸ்10-2 மாடல், ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே வடிவம் கொண்டது. நிஜ வண்டியில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடைவெளி சுமார் 2,576 மி.மீ. மாடலில் 313 மி.மீ. வகுத்துப் பார்த்தால் 1/8.2 தான் வருகிறது! பாறை ஏற நீளம் உதவுகிறது என்பதால், அளவில் கொஞ்சம் ‘அட்ஜஸ்ட்’ செய்துகொள்கிறார்கள்.

மோட்டாரை அடக்கும் கணக்கு

க்ராலரில் அதிகம் பயன்படும் 35 டர்ன் பிரஷ்டு மோட்டார் நிமிடத்துக்கு 10,000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 11 செ.மீ. விட்டமுள்ள டயர் ஒரு சுற்றில் சுமார் 35 செ.மீ. நகரும். மோட்டாரை நேரடியாகச் சக்கரத்தில் மாட்டினால் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். நடக்காது, மோட்டார் அசையக்கூட அசையாது. நடுவில் 50:1 கியர் விகிதம் வைத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று. அதாவது மணிக்கு சுமார் 4 கிலோமீட்டர், ஒரு மனிதரின் நடை வேகம். அதுவும் முழு த்ராட்டிலில். வேகம் 50-ல் ஒன்றாகக் குறையும்போது, உராய்வில் போவது போக, இழுக்கும் விசை கிட்டத்தட்ட அதே மடங்கு கூடுகிறது. மோட்டாரில் ‘டர்ன்’ எண்ணிக்கை கூடினால் வேகம் குறையும், அடக்கம் கூடும். 13 டர்ன் மோட்டார் பந்தயத்துக்கு, 45 அல்லது 55 டர்ன் பாறைக்கு.

அடுத்தது டிஃபரன்ஷியல். சாதாரண காரில், ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் விசை அந்தப் பக்கமாகவே வீணாகப் போய்விடும். தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். அதனால் க்ராலரில் இரண்டு ஆக்ஸிலையுமே ‘லாக்’ செய்துவிடுகிறார்கள். திருப்பத்தில் டயர் தேயும், வண்டி அகலமாகத்தான் வளையும். பரவாயில்லை, ஏற வேண்டுமே!

எதை முதலில் வாங்க வேண்டும்?

டயர். இரண்டாவதும் டயர்தான் என்று சொல்லலாம். இந்த டயர்களுக்குள் காற்று கிடையாது, ஃபோம் இருக்கும். மென்மையான ரப்பர், உள்ளே சரியான ஃபோம், இரண்டும் சேர்ந்தால் டயர் பாறையின் மேடுபள்ளத்தைக் கைவிரல் போலக் கவ்வும். ‘பீட்லாக்’ ரிம் வாங்கினால் டயரைப் பசை போட்டு ஒட்டத் தேவையில்லை, வளையத்தை ஸ்க்ரூவால் இறுக்கினால் போதும். ஃபோமை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒரு சக்கரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பொடி ஸ்க்ரூ, நான்கு சக்கரம். அந்த மாலை அவ்வளவுதான்.

டயருக்கு அடுத்து எடை. எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் கேள்வி. டயர்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 20 செ.மீ. அகலம், வண்டியின் ஈர்ப்பு மையம் 10 செ.மீ. உயரத்தில் என்றால், பக்கவாட்டில் 45 டிகிரி சாய்ந்ததும் வண்டி விழும். அந்த மையத்தை வெறும் 2 செ.மீ. இறக்கினால் 51 டிகிரி வரை தாங்கும். நேராக ஏறும்போதும் இதே கதைதான். 313 மி.மீ. வண்டியில் எடை சரிபாதியாக இருந்தால் 57 டிகிரியில் பின்பக்கம் மல்லாக்கும். எடையில் 60 சதவீதத்தை முன் ஆக்ஸிலுக்குத் தள்ளினால் 62 டிகிரி. அதனால்தான் பேட்டரியை முன்னால் கொண்டுபோய் வைக்கிறார்கள், முன் ஆக்ஸிலில் பித்தளை பாகங்கள் மாட்டுகிறார்கள். அலுமினியத்தைவிடப் பித்தளை மூன்று மடங்கு கனம். பளபளவென்று நீல நிற அலுமினிய பாகங்கள் பார்க்க நன்றாக இருக்கும்தான், ஆனால் ஆக்ஸிலில் அந்தப் பணத்துக்குப் பித்தளைதான் வேலை செய்யும்.

ஏறும்போது வண்டி எப்போதும் ஒரே பக்கமாக முறுக்கிக்கொள்கிறதா? அது ‘டார்க் ட்விஸ்ட்’. டிரைவ்ஷாஃப்ட் ஆக்ஸிலைச் சுழற்ற முயலும்போது சேஸிஸையும் சேர்த்து முறுக்குகிறது. போர்ட்டல் ஆக்ஸிலில் கடைசிக் கட்டக் கியர் சக்கரத்தின் அருகிலேயே இருப்பதால், ஷாஃப்ட்டில் விசை குறைகிறது, முறுக்கலும் குறைகிறது. ஆக்ஸிலின் நடுப்பகுதியும் தரையிலிருந்து உயர்ந்துவிடும். நிஜ உலகில் யூனிமாக் லாரியில் இருப்பது இதுதான்.

வயரிங்கில் விழும் அடி

புதிதாகக் கட்டுபவர்களைக் குழப்பும் ஒரு கோளாறு இருக்கிறது. பாறை இடுக்கில் சக்கரம் மாட்டியிருக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி மொத்தமும் ஒரு நொடி ‘செத்து’ மறுபடி உயிர் பெறும். ரிமோட் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ அந்த நேரத்தில் நிறைய கரண்ட் இழுக்கிறது. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யின் உள்ளேயிருக்கும் சின்ன மின்சப்ளையால் அதைக் கொடுக்க முடியாமல் ரிசீவர் அணைந்து எழுகிறது. பலமான சர்வோ வாங்கினால் அதற்குத் தனியாக ஒரு பி.இ.சி.யும் வாங்கிவிடுவது நல்லது.

பேட்டரி விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். லிப்போ பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது, சுமார் 3.2-க்குக் கீழ் இறங்கக் கூடாது. பல இ.எஸ்.சி.களில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு குட்டி ஜம்பர் இருக்கும். அது நிக்கல் பேட்டரி பக்கம் இருந்துவிட்டால், லிப்போ வடிந்து தீரும்வரை வண்டி ஓடும். அடுத்த முறை சார்ஜ் போடும்போது பேட்டரி உப்பலாம், தீப்பிடிக்கவும் செய்யலாம். பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்தான் சார்ஜ். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. உப்பிய பேட்டரியை ‘இன்னும் ஒரு ரவுண்டு’ என்று மாட்டவும் கூடாது.

அழகா, ஏற்றமா?

கஸ்டம் வண்டி கட்டுபவரின் மனப்போராட்டம் பாடி வாங்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. மெல்லிய பாலிகார்பனேட் பாடி எடையே இல்லாதது. உள்பக்கத்தில் பெயின்ட் அடிக்க வேண்டும், அதனால் வெளியே கீறல் விழுந்தாலும் நிறம் போகாது. ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் பொம்மை. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் வார்த்த ஹார்ட் பாடியில் கதவு இடுக்கு, வைப்பர், கைப்பிடி எல்லாம் தத்ரூபமாக இருக்கும். கனமும் இருக்கும், அதுவும் உச்சியில். அதற்கு மேல் ரூஃப் ரேக், ஜெர்ரி கேன், குட்டிக் கூடாரம், எல்.இ.டி. பார். பித்தளை போட்டு இறக்கிய 2 செ.மீ. இப்படித்தான் திரும்ப ஏறுகிறது.

இதற்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது. இன்டீரியரில் சீட்டுக்குப் பதில் வெறும் தாள் ஒட்டி எடை குறைப்பவர்கள் உண்டு. ‘கவிழ்ந்தா கவிழட்டும், போட்டோவுக்கு நல்லா இருக்கணும்’ என்று துருப்பிடித்த மாதிரி பெயின்ட் அடிப்பதிலேயே ஒரு வாரம் செலவழிப்பவர்களும் உண்டு. ரேக்கை 3டி பிரின்ட் செய்வதாக இருந்தால் ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். சென்னை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது ரேக் வாழைப்பழம் போல வளைந்திருக்கலாம்.

எல்லாம் மாட்டி முடித்ததும், உலோகத்தில் உலோகம் போகும் ஸ்க்ரூக்களுக்கு மட்டும் நீல நிற த்ரெட்லாக் ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் போகும் ஸ்க்ரூவுக்கு அதைத் தடவினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். பிறகு மலைக்கு ஓட வேண்டாம். வீட்டிலேயே ஒரு பலகை எடுத்து, மேலே பழைய சாக்கை விரித்து, வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். எந்த டிகிரியில் விழுகிறது என்று போனில் உள்ள அளவுகோல் ஆப் காட்டிவிடும். அதைக் குறித்துக்கொண்டு, ரூஃப் ரேக்கைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை தூக்கிப் பாருங்கள்.