எலும்பின் விலாசம் தேடும் மருந்து

முதுகுவலி என்றுதான் ஆரம்பிக்கும். தைலம், பெல்ட், வலி மாத்திரை என்று சில மாதங்கள் ஓடும். மார்பகத்திலோ புராஸ்டேட்டிலோ தோன்றிய புற்றுநோய் முதுகெலும்பில் குடியேறிவிட்டது என்பது ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியவரும். சித்தூர்க்காரர்களில் பலர் உடனே எல்லை தாண்டி வேலூருக்கு பஸ் ஏறுவார்கள். திருப்பதியில் ஸ்விம்ஸ் இருக்கிறது. 2022 மே மாதம் அங்கேயே டாடா அறக்கட்டளைகளின் புற்றுநோய் மருத்துவமனையும் திறக்கப்பட்டது.

எந்த ஊருக்குப் போனாலும், பேப்பர் படிக்கும் உறவினர் ஒருவர் டாக்டரிடம் கேட்டுவிடுவார்: "எலும்புக்கு மட்டும் போகிற நானோ மருந்து வந்துவிட்டதாமே?"

பாதி உண்மை. பிஸ்பாஸ்பொனேட் வகை மருந்துகள் எலும்பின் கால்சியத்தை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்பவை. எலும்புத் தேய்மானத்துக்குத் தரப்படும் அலெண்ட்ரோனேட் அவற்றில் ஒன்று. தலைமுடியின் பருமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள உருண்டைக்குள் புற்றுநோய் மருந்தை அடைத்து, மேலே அலெண்ட்ரோனேட்டை விலாசமாக ஒட்டி அனுப்புவதுதான் யோசனை. பாஸ்டன் விஞ்ஞானிகள் 2014-ல் போர்டிசோமிப் மருந்தை இப்படி எலிகளுக்கு முன்கூட்டியே செலுத்தினார்கள். மைலோமா மெதுவாக வளர்ந்தது. (மைலோமா எலும்பு மஜ்ஜையிலேயே பிறப்பது, வேறிடத்திலிருந்து பரவி வருவதல்ல.)

எலியைத் தாண்டும்போதுதான் சிக்கல். ரத்தத்தில் ஏற்றும் துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் விழுங்கிவிடுகின்றன. பத்தாண்டு விலங்கு ஆய்வுகளை 2016-ல் அலசிய டொரண்டோ குழுவின் கணக்குப்படி, கட்டியைச் சென்றடைவது இடைநிலை மதிப்பாக 0.7 சதவீதம்தான்! டாக்சில் என்ற நானோ மருந்து 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அதில் எலும்பின் விலாசம் கிடையாது.

நானோ உருண்டை இல்லாமலே எலும்பைத் தேடிப் போகும் மருந்துகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பது அந்த உறவினருக்குத் தெரிவதில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய லுட்டீஷியம்-177 ஈடிடிஎம்பி, நோய் பிடித்த எலும்பில் படிந்து, அங்கேயே கதிர்வீச்சைப் பாய்ச்சி வலியைக் குறைக்கிறது. ஜோலெட்ரோனிக் அமில ஊசி எலும்பு முறிவைத் தள்ளிப்போடுகிறது. மாதாமாதம் போட்டுவந்த இந்த ஊசியை 12 வாரங்களுக்கு ஒரு முறை போட்டாலே போதும் என்று 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. சிக்கலில்லாத எலும்பு வலிக்கு ஒரே நாளில் தரும் 8 கிரே கதிர்வீச்சு, பல நாள் சிகிச்சை அளவுக்கே நிவாரணம் தருகிறது; சிலருக்கு மறுபடி தேவைப்படலாம். பலமனேரிலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்கு இதன் அர்த்தம், லாட்ஜ் வாடகை மிச்சம்.

கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது. தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், வேலூரோ திருப்பதியோ, எது பக்கமோ அங்கே.