கடல் இல்லாத தீவில் மீன் விருந்து

மைசூருவுக்கு மீன் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, மலை ஏறி இறங்கி ஐஸ் பெட்டியில். மற்றொன்று, பக்கத்து ஆற்றிலிருந்து பரிசலில். பக்கத்தில் கிடைப்பதை நாம் சரியாக அறிந்திருக்கிறோமா?

காவிரி மூன்று இடங்களில் இரண்டாகப் பிரிந்து, மீண்டும் கூடித் தீவுகளை உண்டாக்கியிருக்கிறது. மூன்றிலும் அரங்கன் பள்ளிகொண்டிருக்கிறான். கடைசித் தீவான திருவரங்கம் நமக்குச் சொந்த ஊர் மாதிரி. நடுவில் இருப்பது சிவனசமுத்திரம். முதலில் வருவது ஆதிரங்கம் என்று பக்தர்கள் சொல்லும் ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூருவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த கோட்டையைப் பார்க்கவும், ரங்கநாதரைச் சேவிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து வேன் வேனாக மக்கள் போகும் ஊர்.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் சைவச் சாப்பாடுதான். ஆனால், ஆற்றின் போக்கை எதிர்த்து மேலே கிருஷ்ணராஜசாகர் அணைப் பக்கமும், பலமுரி அருவிப் பக்கமும் போனால் எண்ணெயில் மீன் பொரியும் வாசனை வந்துவிடும். மிளகாய் மசாலா தடவிய கட்லாத் துண்டுகளும், முழுசாகக் கீறிவைத்த ஜிலேபி மீனும் கேட்கக் கேட்க வறுத்துத் தருகிறார்கள். மண்டியா, மைசூரு கிராமத்து வீடுகளில் இதே மீன் புளிச்சாறில் கொதித்து, கேழ்வரகுக் களியோடு தட்டுக்கு வருகிறது.

இருந்தும், மைசூரு நகரத்தில் விருந்தாளியை அழைத்துப்போய் மீன் வாங்கித் தருகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது கடல் மீனைத்தான். வஞ்சிரம் உயர்ந்தது, கட்லா மட்டமானது என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்த எண்ணம் சரியானதுதானா என்று பார்க்க, இரண்டு மீன்களும் வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

மலை இறங்கி வரும் மீன்

மைசூருவுக்குக் கடல் மீன் கொடுக்கும் கரை முக்கியமாக மங்களூரும், உடுப்பியை ஒட்டிய மல்பெயும். மடிக்கேரி வழியாக மங்களூரிலிருந்து மைசூரு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். நாம் வஞ்சிரம் என்பதை அங்கே அஞ்சல் என்கிறார்கள். அயிலை அவர்களுக்கு பாங்குடே, கிழங்கான் காணே. ரவையில் புரட்டி வறுத்த பாங்குடேயும் நீர்தோசையும் இன்று மைசூருவிலும் பழகிய ருசி.

லாரி ஓடும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது. படகு கடலில் இருந்த நாட்கள், ஏலம், பெட்டி கட்டுதல், மொத்தக்கடை, சில்லறைக்கடை எல்லாம் சேர்ந்ததுதான் மீனின் வயது. முதல் நிமிடத்திலிருந்து ஐஸ் குறையாமல் இருந்தால் அந்த வயது பெரிய குற்றமில்லை. ஐஸ் உருகிய நீரில் மீன் ஊறினால்தான் கேடு. மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மிகுந்த மீன்கள் அதை அறவே தாங்காது. குளிர் விட்டுப்போன அயிலையில் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். அதைக் கொதிக்கவைத்தாலும் போக்க முடியாது.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை கர்நாடகக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனம் பெருகட்டும் என்று விடும் ஓய்வு அது. நம் கிழக்குக் கரையில் தடை ஜூன் 14ஆம் தேதியோடு முடிந்துவிடுவதால் அப்போது இந்தப் பக்கத்து மீன் அந்தப் பக்கம் போகிறது. தூரம் கூடுகிறது, விலையும் கூடுகிறது. மைசூரு கடைகளில் கடல் மீன் மிகவும் பயணப்பட்டிருக்கும் மாதங்கள் இவை.

அணை கொடுத்த மீன்

ஆற்று மீனின் கதை வேறு. 1911இல் தொடங்கி இருபது ஆண்டுகள் கட்டப்பட்ட கிருஷ்ணராஜசாகர், ஓடுகிற காவிரியை நிற்கிற ஏரியாக்கியது. ஓடும் நீரில் வாழ்ந்த மீன்களுக்கு அது ஒத்துவரவில்லை. நிற்கும் நீரில் சீக்கிரம் கொழுக்கும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை வடக்கிலிருந்து வந்து இடம்பிடித்தன. இவை கங்கைக்கரை மீன்கள்.

இதில் வியக்கத்தக்க ஒரு தொடர்பு இருக்கிறது. திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலிருந்து மைசூர் நாட்டை ஆராய அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்தார். பயிர், தொழில், சந்தை என்று பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தார். பின்னாளில் அவர் வங்காளத்தில் மீன்களை ஆராய்ந்து, 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அறிவியல் பெயர் அந்த நூலில்தான் கிடைத்தது. அவர் நடந்த தீவைச் சுற்றி இன்று வறுபடுவது அவர் பெயர் சூட்டிய மீன்கள்.

கட்லா தேங்கிய நீரில் எளிதாகக் குஞ்சு பொரிக்காது. வெள்ளம் புரளும் ஆறுதான் அதற்கு வேண்டும். 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌதுரியும் அவருடைய சகாக்களும் பிட்யூட்டரிச் சுரப்புநீரை ஊசி மூலம் செலுத்தி, இந்தக் கெண்டைகளைப் பண்ணையிலேயே முட்டையிடவைத்தார்கள். அந்த நாளைத்தான் நாடு தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறது. இன்று கிருஷ்ணராஜசாகரில் பிடிபடும் கட்லாவுக்குப் பின்னால் ஒரு குஞ்சுப் பண்ணையின் உழைப்பு இருக்கிறது. ஜிலேபி மீனுக்கு அந்த உதவி தேவையில்லை. 1952இல் இந்தியாவுக்கு வந்த அந்த ஆப்பிரிக்க மீன் தானே பெருகிக்கொள்கிறது.

மீனவர்கள் மாலையில் பரிசலில் போய்ச் செவுள் வலை விரித்து, விடியலில் எடுக்கிறார்கள். காலையில் எடுத்த மீன் மதியத்துக்குள் தட்டுக்கு வந்துவிடும். எந்த வஞ்சிரமும் மைசூருவில் தர முடியாத புதுமை இது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செவுள் வலையில் சிக்கிய மீன் இரவிலேயே செத்திருக்கலாம். பக்கத்து மீன்தானே என்று ஐஸ் போடாமல் வெயிலில் வைத்தால், மங்களூரிலிருந்து ஐஸில் வந்த மீனைவிட அது முதலில் கெடும். கரையேறியதும் ஐஸ் கிடைக்கச் செய்வதுதான் பரிசல்காரருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

சேற்று வாடைக்கு மருந்து

ஆற்று மீன் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணம் சேற்று வாடை. அந்த வாடை அழுக்கினால் வருவதல்ல. நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் காரணம். முதல் மழையில் மண் மணப்பதும் இதனால்தான். இது மீனின் கொழுப்பிலும் தோலிலும் தங்கும். புளிப்புப் பட்டால் சிதையும். புளிக்கரைசலிலோ எலுமிச்சையிலோ மோரிலோ ஊறவைக்கும் நம் பாட்டிகளின் பழக்கத்துக்கு வேதியியலின் ஆதரவு உண்டு. கடல் மீனின் கவிச்சி வேறு. மீன் பழசாகும்போது அதன் உடலிலுள்ள ஒரு பொருள் டிரைமெத்திலமினாக மாறுவதால் வருவது அது. சேற்று வாடை மீன் வாழ்ந்த நீரைச் சொல்கிறது, கவிச்சி மீன் செத்த பிறகு கழிந்த நேரத்தைச் சொல்கிறது.

இந்த அறிவு மைசூருவுக்கு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. 1950இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன். இறைச்சிக்கும் கடல் உணவுக்கும் அங்கே தனித் துறையே உண்டு. அந்த அறிவு சாலையோர மீன் கடை வரைக்கும் வர வேண்டும்.

தட்டில் வரக் கூடாத மீன்

காவிரியின் சொந்த மீன்களில் மிகப் பெரியது திமில் மஹ்சீர். 1946இல் கபினி ஆற்றில் மைசூருவின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. உலகெங்கும் தூண்டில்காரர்கள் இன்றும் அந்த மீனைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த இனம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. 2018இல்தான் அதற்கு உரிய அறிவியல் பெயர் டோர் ரேமாதேவி என்று உறுதியானது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயூசிஎன் அதை மிக அருகிய இனமாக அறிவித்தது. அணைகள் அதன் வழியை மறித்தன. வெடிவைத்துப் பிடித்தவர்கள் குஞ்சு குளுவானையும் விடவில்லை. 1970களிலிருந்து நல்லெண்ணத்தோடு காவிரியில் விடப்பட்ட வேற்றிட மஹ்சீர், சொந்த மஹ்சீரின் இடத்தையே எடுத்துக்கொண்டது.

நீரும் சுகமாக இல்லை. தீவுக்குச் சற்று மேலே இருக்கும் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம் 2022இல் ராம்சர் ஈரநிலத் தலமானது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நீர்நாயும் முதலையும் உண்பது இதே ஆற்று மீனைத்தான். அப்படிப்பட்ட இடத்திலிருந்து கீழே போகும் காவிரியை, மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் 2018இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சேர்த்தது. ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டுவிட்டு, ஆற்று மீன் மட்டம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆகவே மைசூருவுக்குப் போகிறவர்கள் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது என்ன மீன்? எப்போது எடுத்தது? எந்த நீரில் எடுத்தது? கட்லா, ரோகு, ஜிலேபி என்றால் மனம் நிறையச் சாப்பிடலாம். வளர்ப்பதற்கென்றே விடப்பட்டவையும், தாமாகப் பெருகுபவையும்தான் அவை. மஹ்சீர் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். சிவந்த செவுள், பளிச்சென்ற கண், அழுத்தினால் திரும்பி எழும் சதை, இவற்றைப் பார்த்து வாங்குங்கள். அணைப்பக்கக் கடைகளில் மீனின் பெயரையும் பிடித்த நேரத்தையும் எழுதிவைக்கச் சொல்வது அரசுக்குப் பெரிய செலவு வைக்காது. கரையில் ஓர் ஐஸ் ஆலை வைப்பதும் அப்படித்தான். கேட்டு வாங்குகிறவர்கள் பெருகினால் கடைக்காரர் மாறுவார், அவருக்கு மீன் தருகிற பரிசல்காரருக்கும் நியாயமான விலை கிடைக்கும். ஆதிரங்கத்தில் தொடங்கும் இந்தப் பழக்கம் ஒகேனக்கல்லுக்கும் மேட்டூருக்கும் வந்தால் காவிரிக்கும் நமக்கும் நல்லது.