பாரிய பிக்கப் வண்டிகளும் எரிபொருட் செலவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் புதிய மோட்டார் வண்டி வாங்கச் செல்பவர் அதன் கண்ணாடியில் ஒட்டப்பட்ட சீட்டொன்றைக் காண்பார். ஒரு கலன் எரிபொருளுக்கு நகரத்தில் இத்தனை மைல், நெடுஞ்சாலையில் இத்தனை மைல் என்று அச்சீட்டிற் பொறிக்கப்பட்டிருக்கும். 1973 ஆம் ஆண்டில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடைசெய்தமையால் எழுந்த நெருக்கடியே இவ்வழக்கம் வேரூன்றக் காரணமாயிற்று. 1975 இல் இயற்றப்பட்ட சட்டம் இதனைக் கட்டாயமாக்கிற்று. எனினும், சீட்டில் 20 மைல் எனக் கண்டு பிக்கப் வண்டியொன்றை வாங்கியவர் வீதியில் 15 மைலே கிடைக்கின்றதென முறையிடுவதும், அதே வண்டியை வாங்கிய அயலவர் 22 மைல் பெறுவதாகக் கூறுவதும் அந்நாட்டில் வழக்கமான செய்திகளே. இருவரும் பொய்யுரைப்பவரல்லர். ஒரே வண்டி இருவருக்கு இருவேறு கணக்குக் காட்டுவது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

போர்ட் கம்பனியின் எப் வரிசை வண்டிகள் 1948 ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்தன. கமக்காரனுக்கும் கட்டட வேலையாளனுக்கும் உரியதாயிருந்த இவ்வகை வண்டி, பின்னர் குடும்பங்கள் நாடோறும் ஏறிச்செல்லும் வாகனமாயிற்று. பிறநாட்டுப் பிக்கப் வண்டிகள்மீது 1964 இல் விதிக்கப்பட்ட நூற்றுக்கு 25 வீதத் தீர்வையும் உள்நாட்டு வண்டிகளுக்கு அரணாய் நின்றது. அத்தீர்வை, அமெரிக்கக் கோழியிறைச்சிமீது ஐரோப்பிய நாடுகள் வரி விதித்தமைக்குப் பதிலடியாக எழுந்ததென்பது வேடிக்கையான வரலாறு.

இனி, சீட்டிலுள்ள எண் எவ்வாறு பெறப்படுகின்றதெனப் பார்த்தல் வேண்டும். வண்டி வீதியில் ஓட்டப்படுவதில்லை. ஆய்வுகூடத்தில் அதன் சில்லுகளை உருளைகளின்மீது நிறுத்தி, குறித்த ஓர் அட்டவணைப்படி ஓட்டுவர். நகரச் சோதனை ஏறத்தாழ 11 மைல். அதன் சராசரி வேகம் மணிக்கு 21 மைல். நெடுஞ்சாலைச் சோதனை ஏறத்தாழ 10 மைல். சராசரி வேகம் 48 மைல், உச்ச வேகம் 60 மைல். இவ்வேகங்கள் உண்மை நிலைமைக்குப் பொருந்தா என்பது விரைவிலேயே தெரியவந்தது. ஆகவே 1985 ஆம் ஆண்டு மாதிரிகள் முதலாக நகர எண்ணில் நூற்றுக்கு 10 வீதமும் நெடுஞ்சாலை எண்ணில் 22 வீதமும் குறைத்துக் காட்டினர். 2008 ஆம் ஆண்டு மாதிரிகள் முதலாக மணிக்கு 80 மைல் வரை செல்லும் வேகம், குளிரூட்டியின் சுமை, கடுங்குளிர் ஆகியனவும் கணக்கிற் சேர்க்கப்பட்டன.

உருளைமீது நிற்கும் வண்டியின் முகத்திற் காற்று மோதுவதில்லை. ஆதலின் வீதியில் எழும் தடையை வேறாக அளந்து உருளைக்கு ஊட்டுதல் வேண்டும். சமதரையில் வண்டியை வேகமாக ஓட்டி, எஞ்சினின் தொடர்பை அறுத்து, அது எவ்வளவு நேரத்தில் வேகங் குன்றுகின்றதென அளப்பர். இவ்வளவை பிழைத்தால் சீட்டும் பிழைக்கும். ஹியுண்டாய், கியா என்னும் கம்பனிகளின் சீட்டுகள் மிகையானவையென 2012 இல் சூழற் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தமைக்கு இவ்வளவையின் பிழையே முதற்காரணம். அவை பிக்கப் வண்டிகளல்ல. ஆயினும் சோதனை முறை ஒன்றே.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவது. மணிக்கு 55 மைலிற் செல்லும் வண்டி 75 மைலிற் செல்லுமாயின் வேகம் மூன்றிலொரு பங்கே கூடுகின்றது. காற்றின் தடையோ ஏறத்தாழ 1.86 மடங்காகின்றது. உயர்ந்த நெற்றியும் அகன்ற முகமும் உடைய பிக்கப் வண்டிக்கு இச்சுமை காரினும் பெரிது. 22 மைல் பெற்ற அயலவர் மெல்லச் செல்பவராயிருத்தல் கூடும். வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டால் காற்று எளிதிற் கழிந்து எரிபொருள் மிஞ்சும் எனப் பலர் நம்புவர். சோதனைகள் இந்நம்பிக்கைக்கு மாறாகவே உள. கதவு மூடியிருக்கும்போது பெட்டிக்குள் ஒரு சுழல் தோன்றி நிலைபெறும். மேலே செல்லும் காற்று அச்சுழலின்மீது வழுக்கிச் செல்லும். கதவைத் திறந்தால் அச்சுழல் குலைந்துபோம். மனத்துக்கு எளிதாய்த் தோன்றும் நியாயம் இயற்கைக்கு உடன்பாடாயிருக்க வேண்டுமென்பதில்லை.

சோதனையில் வண்டியின் நிறையோடு 300 இறாத்தலே கூட்டப்படும். இருவர் ஏறியதற்கு அஃது ஒப்பாகும். பிக்கப் வண்டி வாங்குவோரோ படகையும் குதிரை வண்டியையும் பின்னே கொளுவி இழுப்பவர். உயரமான றெயிலர் ஒன்றை நெடுஞ்சாலையில் இழுக்கும்போது மைற்கணக்குப் பாதியாகக் குறைதல் வியப்பன்று. 2011 ஆம் ஆண்டு எப்-150 இல் எட்டு உருளை எஞ்சினுக்கு மாற்றாக, காற்றை அமுக்கிச் செலுத்தும் ஆறு உருளை எஞ்சினொன்றும் வழங்கப்பட்டது. சுமையின்றிச் செல்லும்போது அது சிறிய எஞ்சின்போலச் சிக்கனமாயிருக்கும். சுமை மிகும்போது பெருங்காற்றை வாங்கி அதற்கேற்ப எரிபொருளையும் உண்ணும். அன்றியும் வெப்பத்தைத் தணிக்கவே மேலதிக எரிபொருள் பாய்ச்சப்படும். சீட்டுக்கும் வீதிக்கும் இடையே இவ்வகை எஞ்சினில் இடைவெளி அகல்வது இதனாலேயே. இன்னுமொன்று: சுமையோடு கூடிய மொத்த நிறை 8,500 இறாத்தலுக்கு மேற்பட அனுமதிக்கப்பட்ட பெரும் பிக்கப் வண்டிகளுக்குச் சீட்டே இல்லை. அதிகம் குடிக்கும் வண்டியை வாங்குபவனே இருளில் விடப்படுகின்றான் என்பது முறையன்று.

சில குறைகள் வண்டியினுடையனவல்ல, அளப்பவனுடையன. 32 அங்குல ரயருக்குப் பதிலாக 35 அங்குல ரயர் பூட்டியவரின் மைல்மானி 100 மைல் காட்டும்போது வண்டி 109 மைல் ஓடியிருக்கும். மானியைத் திருத்தாதவர், பெரிய ரயரால் உண்மையாகவே நேரும் இழப்போடு இப்பொய்யிழப்பையும் சேர்த்தே முறையிடுவர். நூற்றுக்குப் பத்து வீதம் எதனோல் கலந்த பெற்றோலில் மைற்கணக்கு ஏறத்தாழ 3 வீதங் குறையும். கடுங்குளிரிற் குறுந்தூரம் ஓடும் வண்டியில் எஞ்சின் சூடேறுமுன்னரே பயணம் முடிந்துவிடும்.

2021 ஆம் ஆண்டு எப்-150 இன் கலப்பு எஞ்சின் வண்டி, நான்கு சில்லும் இயங்கும் வகையில், நகரத்திலும் 24, நெடுஞ்சாலையிலும் 24 எனச் சீட்டுப் பெற்றது. நகரத்திற் பிரேக் பிடிக்குந்தோறும் வீணாகும் சத்தி மின்கலத்துக்கு மீள்கின்றது. நெடுஞ்சாலையிற் பிரேக் பிடிப்பது அரிதாதலின் அவ்வூதியம் இல்லை. ஆகவே றெயிலரை நெடுந்தூரம் இழுப்பவர் இவ்வண்டியிலிருந்து அதே பயனை எதிர்பார்த்தல் தவறு. இலங்கையில் முன்னர் வழங்கிய பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர், அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர் ஆதலின், இவ்வெண்களை நோக்குவோர் அமெரிக்கர் கூறும் 20 மைலைப் பழைய கணக்கில் 24 மைலாகக் கொள்ளல் வேண்டும்.

இத்துணை நுணுக்கமாக ஆராய்வது எதற்கெனிற் கூறுவாம். ஆண்டுக்கு 15,000 மைல் ஓடுபவருக்கு, கலனுக்கு 30 மைல் தரும் காரை விட்டு 40 மைல் தருவதைக் கொண்டால் மீதம் 125 கலன். 15 மைல் தரும் பிக்கப் வண்டி 20 தருமாயின் மீதம் 250 கலன். ஐந்து மைல் வேறுபாடு பத்து மைல் வேறுபாட்டினும் இருமடங்கு பயன் தருகின்றது. கலனுக்கு இத்தனை மைல் என்னும் அளவையே இம்மயக்கத்துக்குக் காரணமென லாரிக், சோல் என்னும் இருவர் 2008 இல் 'சயன்ஸ்' இதழில் எடுத்துக்காட்டினர். 2013 ஆம் ஆண்டு மாதிரிகள் முதலாக 100 மைலுக்கு எத்தனை கலன் என்பதும் சீட்டில் இடம்பெற்றது. சீட்டு 20 என்றும் வீதி 15 என்றும் கூறும்போது அவ்வுரிமையாளர் ஆண்டுதோறும் இழப்பதும் அந்த 250 கலனே. தமது வண்டியின் கணக்கை அறிய விரும்புபவர், தாங்கியை ஒரே நிலையத்தில் முற்றாக நிரப்பி, ஓடிய தூரத்தை மறுமுறை நிரப்பிய கலன்களால் வகுத்து, இவ்வாறு பலமுறை செய்து சராசரி காண்பர். ரயர் மாற்றியவராயின் முதலில் மானியைத் திருத்திக்கொள்வர்.