மூன்று நாள் கரண்ட் இல்லாவிட்டால்... நம் சமையலறை தயாரா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் உட்பட டெல்டா மாவட்டங்களின் ஊர்கள் இருளில் மூழ்கின. பிற மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் சென்று இரவு பகலாக உழைத்தும், பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

"சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் புயல் எங்கே வரப்போகிறது?" என்று நாம் நினைக்கலாம். கடல் தூரம்தான். ஆனால் சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று வாழைத் தோட்டத்தைச் சாய்ப்பது போலவே மின்கம்பத்தையும் சாய்க்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் வலுவிழந்து உள்ளே வந்து, ஊத்தங்கரையையும் ஏற்காட்டையும் கனமழையால் புரட்டிப் போட்டது. 2012இல் புயலே இல்லாமல், மின் பற்றாக்குறையால் மட்டும் நம் பகுதியில் பாதி நாளுக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மேட்டூரில் அனல் மின் நிலையமும் அணையும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனாலும் கம்பமும் கம்பியும் அறுந்துவிட்டால் பக்கத்தில் தயாராகும் மின்சாரம் நம் வீட்டுக்கு வந்து சேராது.

இரண்டு மணி நேர மின்வெட்டைச் சமாளிக்க நமக்குத் தெரியும். மூன்று நாள் என்றால் கணக்கே வேறு. எது எந்த வரிசையில் நின்றுபோகும் என்று தெரிந்துகொண்டால், பெரிய செலவில்லாமல் தயாராகலாம்.

முதலில் நிற்பது தண்ணீர்

கரண்ட் போனதும் நாம் தேடுவது மெழுகுவர்த்தியை. உண்மையில் முதல் நெருக்கடி தண்ணீர்தான். போர்வெல் மோட்டார் ஓடாது. காவிரிக் கூட்டுக் குடிநீரும் நீரேற்று நிலையத்தில் பம்பு ஓடினால்தான் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும். கஜாவுக்குப் பிறகு ஜெனரேட்டர்களைக் கொண்டுதான் ஊர்த் தொட்டிகளை நிரப்ப வேண்டியிருந்தது.

பேரிடர் முகாம்களில் குடிக்க, சமைக்க, கழுவ என எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்பது உலகளவில் பின்பற்றப்படும் அளவுகோல். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 75 லிட்டர், மூன்று நாளைக்கு 225 லிட்டர். மூடியுள்ள 200 லிட்டர் டிரம் ஒன்றும் இரண்டு குடங்களும் போதும். மழை எச்சரிக்கை வந்த அன்றே மாடித் தொட்டியையும் டிரம்மையும் நிரப்பிவிட வேண்டும். குடிநீரைத் தனிப் பாத்திரத்தில் மூடி வையுங்கள். சந்தேகமான தண்ணீரை வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரமும் கரண்ட் இல்லாமல் ஓடாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு, அதாவது ஏறக்குறைய முக்கால் லிட்டர் தண்ணீரில் ஒளூ செய்தார்கள் என்று ஹதீஸ்களில் காண்கிறோம். குழாயைத் திறந்துவிட்டு ஒளூ செய்யும் பழக்கத்தை மாற்றிச் செம்பில் எடுத்துச் செய்ய, இதுபோன்ற நாட்கள் நல்ல பயிற்சி.

அடுப்பு ஒன்றுக்கு இரண்டு

இண்டக்ஷன் அடுப்பை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளில் முதல் வேளையிலேயே சமையல் நின்றுவிடும். கேஸ் அடுப்புக்குக் கரண்ட் தேவையில்லை. ஆனால் ஒரே சிலிண்டர் உள்ள வீடுகளில் அது எப்போது தீரும் என்று சொல்ல முடியாது. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது சமையல் எரிவாயுவுக்கும் கடும் தட்டுப்பாடு இருந்தது. நகரத்து வீடுகளும் விறகைத் தேடின. எனவே கூடுதல் சிலிண்டரோ, 5 கிலோ சிறிய சிலிண்டரோ, வாசலில் வைத்து எரிக்க ஒரு விறகு அடுப்போ, ஏதேனும் ஒரு மாற்று வழி வேண்டும்.

எரிபொருளை மிச்சப்படுத்துவது எளிது. அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் ஊற வைத்துக் குக்கரில் போடுங்கள். விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். பாத்திரத்தை மூடியே சமையுங்கள். சோறு, குழம்பு, பொரியல் என்று மூன்று பாத்திரம் ஏற்றாமல் ஒரே பாத்திரச் சமையலுக்கு மாறுங்கள். நமக்கு இது புதிதல்ல. அரிசியும் பருப்பும் ஒரே பாத்திரத்தில் வேகும் நோன்புக் கஞ்சி, மின்வெட்டு நாளுக்கென்றே அமைந்தது போன்ற உணவு.

எதை முதலில் சமைப்பது?

கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். நிறைந்திருக்கும் ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். அடிக்கடி திறந்து பார்த்தால் இந்தக் கணக்கு செல்லாது.

முதல் நாள்: பால், மீன், இறைச்சி, அரைத்து வைத்த மாவு. பாலை உடனே காய்ச்சுங்கள். இறைச்சியை மொத்தமாகச் சமைத்து அன்றே சாப்பிட்டு, பகிர்ந்து முடியுங்கள். மாவு புளிக்கும் முன் இட்லியாகவோ ஊத்தப்பமாகவோ ஊற்றிவிடுங்கள்.

இரண்டாம் நாள்: முட்டை, காய்கறி. முட்டைக்கு நாமக்கல்லில் பஞ்சமா? நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்தால் கோடையிலும் சில நாள் தாங்கும். அவித்த முட்டையை மட்டும் அந்த வேளையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். குச்சிக்கிழங்கை அவித்தால் ஒரு வேளை பசி தீரும்.

மூன்றாம் நாள்: அவல், ரவை, சேலத்து ஜவ்வரிசி, ராகி மாவு, பொட்டுக்கடலை, பேரீச்சை, வெல்லம். மிக்சியும் கிரைண்டரும் இல்லாமல் செய்யக்கூடியவை இவை. களி கிண்டலாம், உப்புமா செய்யலாம், அவலை நனைத்தே சாப்பிடலாம். அம்மி இருக்கும் வீடு கொடுத்து வைத்த வீடு. இல்லாவிட்டால் மிளகாய்த்தூள், பொட்டுக்கடலைப் பொடி, தக்காளித் தொக்கு கைவசம் இருக்கட்டும்.

ஒரு விதி முக்கியம்: சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கெட்டுப்போன உணவைச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்பது தவறு. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு, சூட்டிலும் அழியாது. அந்தந்த வேளைக்கு மட்டும் அளவாகச் சமைப்பதே பாதுகாப்பு.

உயிருக்கு ஆபத்தான தவறுகள்

கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் வைக்கவே கூடாது. இரண்டும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை வெளியிடும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஜெனரேட்டர் ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்கட்டும். யாருக்காவது அறிகுறி தெரிந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள்.

ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்கில் நேரடியாகச் செருகினால், மின்சாரம் திரும்பி வெளிக்கம்பிக்குப் போகும். அங்கே நமக்காகக் கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரை அது பறித்துவிடும்.

மெழுகுவர்த்தியைவிட எல்.இ.டி. டார்ச் மேல். உறங்கும் முன் விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரை, திரைச்சீலையும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய வீடுகளுக்கு இன்னும் பொருந்தும். அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே யாரும் போகாமல் பார்த்துக்கொண்டு மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள். கேஸ் கசிந்தால் 1906.

மருந்தும் இன்வெர்ட்டரும்

பயன்பாட்டில் உள்ள இன்சுலினைப் பொதுவாக 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் வெளியே வைக்கலாம். நம் ஊர்க் கோடையில் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டும். மண்பானையில் ஈர மணலைப் பரப்பி, மூடிய டப்பாவில் மருந்தை வைத்து அதனுள் வையுங்கள். பனிக்கட்டி மீது நேரடியாக வைத்தால் இன்சுலின் உறைந்து வீணாகிவிடும். பிறகு பயன்படுத்தக் கூடாது. உங்கள் மருந்தின் அளவையும் கால வரம்பையும் மருத்துவரிடம் முன்பே கேட்டு வைப்பது நல்லது.

150 ஏ.எச். பேட்டரி உள்ள இன்வெர்ட்டர், இரண்டு சாதாரண மின்விசிறியையும் மூன்று எல்.இ.டி. விளக்கையும் சுமார் 6, 7 மணி நேரம் ஓட்டும். ஒரு விசிறி, ஒரு விளக்கு என்றால் கிட்டத்தட்ட இரு மடங்கு. எனவே அனைவரும் ஒரே அறையில் படுத்துக்கொண்டு, அதை இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வந்ததும் ஃபிரிட்ஜ், மோட்டார் ஆகியவற்றைப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

முஹல்லா அளவில்

எல்லா வீட்டாலும் ஜெனரேட்டர் வாங்க முடியாது. பள்ளிவாசலில் பெரும்பாலும் போர்வெல்லும் ஜெனரேட்டரும் இருக்கின்றன. வாசலில் ஒரு குழாயும், செல்போன் சார்ஜ் போட ஒரு பலகையும் வைத்தால், மதம் பார்க்காமல் தெருவுக்கே உதவும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். தனியாக வாழும் முதியோர், நிறைமாதக் கர்ப்பிணிகள், ஆக்சிஜன் கருவியோ நெபுலைசரோ பயன்படுத்துபவர்கள், கணவர் வெளிநாட்டில் இருக்கப் பிள்ளைகளுடன் தனித்திருக்கும் சகோதரிகள் ஆகியோரின் பட்டியல் இப்போதே தயாராகட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இளைஞர் பொறுப்பேற்கட்டும். மூச்சுக்கருவி நின்றுபோன வீட்டில் ஒரு மணி நேரத் தாமதமும் நீண்ட தாமதம்தான்.

இந்த வாரமே ஒரு டிரம், ஒரு டார்ச், மூன்று நாளைக்கான அவலும் ராகி மாவும் வாங்கி வையுங்கள். 108, 1906, மின்னகம், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களைச் செல்போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீர்ந்ததும் அவை உதவாது. ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.