அரண்மனையிலிருந்து சங்கத்திற்கு: மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் புரவலர் வட்டமும் அதன் எல்லைகளும்

முன்னுரை

தமிழ்ப் புலமை நெடுங்காலம் அரசவைகளையும் மடங்களையும் சார்ந்தே வளர்ந்து வந்துள்ளது. புலமைக்கு வேண்டிய பொருளை நல்குபவர் யார் என்பது, அப்புலமை யாருக்கு உரியதாகின்றது என்பதையும் பெரிதும் தீர்மானிக்கின்றது. இக்கருத்தினை மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்க இக்கட்டுரையில் முற்படுகின்றோம்.

புரவலர்களும் புலவர்களும்

பாலவனத்தம் குறுநிலத் தலைவர் பாண்டித்துரைத் தேவர் (1867–1911) 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மதுரையில் இச்சங்கத்தை நிறுவினார். அவருடைய தந்தையார் பொன்னுச்சாமித் தேவர் ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குத் துணைநின்றவர். உறவினரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி (1868–1903) சங்கத்திற்குப் பேராதரவு அளித்தார். சுவாமி விவேகானந்தரின் 1893ஆம் ஆண்டு சிகாகோ பயணத்திற்கு ஊக்கமளித்தவரும் இவரே. உ. வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு (1898) பாண்டித்துரைத் தேவரின் உதவியோடு வெளிவந்தது. 1906இல் வ. உ. சிதம்பரனார் தோற்றுவித்த சுதேசிக் கப்பல் நிறுவனத்திற்கும் அவர் துணைபுரிந்தார்.

கொடையிலிருந்து நிறுவனத்திற்கு

பழைய அரசவையில் புலவர் பாடுவார், மன்னர் பரிசளிப்பார், மன்னர் மறைந்தால் அவையும் கலையும். சங்கத்தின் அமைப்போ இதனின் வேறுபட்டது. அது ஒரு கல்லூரியையும், பாண்டியன் புத்தகசாலை என்னும் நூலகத்தையும், 1902 முதல் ‘செந்தமிழ்’ இதழையும் நடத்தியது. இரா. இராகவையங்காரும் அவரையடுத்து மு. இராகவையங்காரும் அவ்விதழின் ஆசிரியர்களாக விளங்கினர். ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் சங்கத்தின் வழி வெளிவந்தது. பாஸ்கர சேதுபதி 1903இலும் பாண்டித்துரைத் தேவர் 1911இலும் மறைந்தனர். எனினும் சங்கம் நிலைத்தது. கொடை, ஒருவரது கையைச் சாராமல் ஓர் அமைப்பாக மாறியதே இதற்குக் காரணம் எனலாம்.

சங்கம் நடத்திய பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் ஆகிய தேர்வுகள் இம்மாற்றத்தின் சிறந்த பயனாகும். மன்னரின் அறிமுகம் இல்லாதவரும் தேர்வெழுதித் தகுதி பெற வழி பிறந்தது. ஈழத்துக் காரைதீவைச் சேர்ந்த மயில்வாகனனார் 1916இல் பண்டிதர் தேர்வில் தேறினார். பின்னாளில் விபுலானந்த அடிகளாகி, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் இவரே.

வட்டத்திற்கு வெளியே

இவ்வட்டத்தின் எல்லைகளையும் நாம் மறத்தல் கூடாது. கொடைக்குரிய செல்வம் குடியானவர் செலுத்திய நிலவரியிலிருந்து வந்தது. 1897இல் கமுதிக் கோயிலுள் நாடார்கள் நுழைந்தபோது, அறங்காவலர் என்ற முறையில் வழக்குத் தொடுத்தவர் பாஸ்கர சேதுபதியே. இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1908இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தமிழை வளர்த்த கையே கோயிற் கதவையும் அடைத்தது. அதே காலத்தில் அச்சீமையினின்றும் பிற மாவட்டங்களினின்றும் ஏழை மக்கள் பலர் மலாயாவின் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். சங்கத்தின் பட்டியல்களில் அவர்களுக்கு இடமில்லை.

முடிவுரை

அம்மக்களின் வழித்தோன்றல்களே பின்னாளில் புரவலராயினர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பகுதிக்காகத் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் தம்மால் இயன்றதை வழங்கினர். அந்நிதி பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர வழிவகுத்தது. குருபோங் முதலிய மலாக்கா வட்டாரங்களிலிருந்து இன்று பல்கலைக்கழகம் புகும் மாணவர், அந்நூல்களைத் தம் முன்னோரின் உடைமையாகவே கருதலாம். மதுரையில் மன்னர் அளித்தது கொடை. இங்கு மக்கள் அளித்தது உரிமை. புலமை எவருக்குக் கடமைப்பட்டுள்ளது என்னும் வினாவிற்கு இவ்விரண்டையும் ஒருசேர வைத்தே விடை காணவேண்டும்.